வயர் இருந்தும் நெட் இல்லையா? அக்காவின் லண்டன் வீட்டு டிப்ஸ்

டெஸ்க்டாப்பில் நெட் நின்றுபோனால் முதலில் மானிட்டரைப் பார்க்காதே தங்கச்சி. சி.பி.யூ. பெட்டியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, போன் டார்ச்சை அடித்து, லேன் கேபிள் சொருகியிருக்கும் இடத்தைப் பார். அந்தப் போர்ட்டின் ஓரத்தில் சின்னதாக இரண்டு விளக்குகள் இருக்கும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒன்று நிலையாக எரியும், இன்னொன்று தகவல் போய்வரும்போது மினுக்கும். இரண்டுமே எரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கையால் தொடக்கூடிய இடத்தில் இருக்கிறது: வயர், பிளக், போர்ட், ரூட்டர். விளக்கு எரிந்தும் நெட் வரவில்லை என்றால், வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவதை நிறுத்திவிட்டு ரூட்டருக்கு வெளியிலோ விண்டோஸுக்கு உள்ளேயோ தேட வேண்டும். இந்த ஒரு பார்வையிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. நெட் போன உடனே யாராவது ரூட்டரை அணைப்பார்கள், இன்னொருவர் விண்டோஸில் எதையோ மாற்றுவார், ஐ.டி.யில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனுக்கு ஒரு போன் போகும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். கடைசியில் நெட் வந்தாலும் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் திரும்பப் போனால் முதலிலிருந்து ஆரம்பம். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியபின் பார். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. இதைவிடப் பெரிய ரகசியம் எந்த டெக்னீஷியனிடமும் கிடையாது.

சிலர் "வயரே வேண்டாம், வைஃபையில் போட்டுவிடு" என்பார்கள். லண்டனில் அந்தப் பேச்சைக் கேட்காதே. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், வால்தம்ஸ்டோ, டூட்டிங் என்று நம் ஆட்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் நிறைய வீடுகள் விக்டோரியா, எட்வர்ட் காலத்து வரிசை வீடுகள். தெருவிலிருந்து வரும் லைன் முன் அறையில் நுழையும், ரூட்டர் அங்கேயே ஜன்னல் ஓரம் உட்காரும். கம்ப்யூட்டரோ பின்பக்கச் சின்ன அறையில், அல்லது மேலே லாஃப்ட்டில். நடுவில் செங்கல் சுவர், பழைய கணப்புக்கான புகைபோக்கித் தடுப்பு, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டு வைஃபைகள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கும் ஆன்லைனில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் வயர்தான் நம்பகமானது. அதைச் சரிசெய்யப் படும் பாடு வீண் போகாது.

இனி வயருக்கு வருவோம். நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான், நீயும் இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

லேன் கேபிளுக்குள் எட்டுச் செப்புக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டு ஓடுகின்றன. 1995-ல் வந்த 100 மெகாபிட் முறைக்கு அதில் இரண்டு ஜோடி போதும். 1999-ல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் முறைக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இதிலிருந்து ஒரு அருமையான சோதனை கிடைக்கிறது. மாதாமாதம் 500 மெகாபிட் பேக்கேஜுக்குப் பணம் கட்டுகிறாய், ஆனால் வேகச் சோதனையில் எப்போது பார்த்தாலும் 94, 95 என்றே நிற்கிறது என்றால், கம்பெனியைச் சந்தேகிக்கும் முன் வயரைச் சந்தேகி. எட்டில் ஏதோ ஒரு கம்பி விட்டுப்போயிருக்கலாம். மீதியிருப்பதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரும் ரூட்டரும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிட்டிருக்கும். இதை உறுதிசெய்ய விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய் லிங்க் ஸ்பீட் என்ற வரியைப் பார். 1000-க்கு 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100-க்கு 100 என்று இருந்தால் உன் சந்தேகம் கிட்டத்தட்ட சரி. புது வயர் ஒன்றைப் போட்டுப் பார்த்து முடிவுக்கு வா.

இந்த ஊர் வீடுகளில் வயர் கெடுவதற்கென்றே சில இடங்கள் உண்டு. சுவருக்குச் சுவர் விரித்த கார்ப்பெட்டைப் பிடித்து நிறுத்த, அறையின் ஓரங்களில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று அடித்திருப்பார்கள். அதில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு வரிசையாகச் சிறு ஆணிகள் இருக்கும். கார்ப்பெட் ஓரத்துக்குள் வயரைத் திணித்து ஓட்டுவது எல்லோரும் செய்வது. அந்த ஆணி உறையைக் குத்திக்கொண்டே இருக்கும், மேலே யாராவது மிதிக்க மிதிக்க உள்ளே போகும். அடுத்தது கதவு இடுக்கு. வயர் கதவுக்கு அடியில் போனால் ஒவ்வொரு முறை சாத்தும்போதும் ஒரே இடத்தில் நசுங்கும். சோபா, கட்டில் கால் ஏறிய இடங்களையும் தூக்கிப் பார். எலித்தொல்லை உள்ள பழைய வீடாக இருந்தால் சமையலறை அலமாரிக்குப் பின்னாலும் படிக்கட்டுக்குக் கீழும் விரலால் தடவிப் பார்த்துவிடு, பல்லடையாளம் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. ரேடியேட்டர் குழாயோடு ஒட்டி ஓடும் வயரைத் தள்ளி வை.

பிளக்கின் தலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கைக் கவனி. சொருகும்போது "டிக்" என்று சத்தம் வர வேண்டும். அந்த நாக்கு உடைந்திருந்தால் வயர் பார்ப்பதற்குச் சொருகியபடி இருக்கும், ஆனால் காலால் மேசையை லேசாகத் தட்டினாலே இணைப்பு விடும். டேப் ஒட்டி, காகிதம் மடித்துச் சொருகி ஒப்பேற்றாதே. வயரை மாற்றிவிடு.

புது வயர் வாங்கும்போது கடைக்காரர் கேட் 7, கேட் 8 என்று எடுத்து நீட்டினால் மயங்காதே. கிகாபிட் வேகத்துக்கு 100 மீட்டர் தூரம் வரை கேட் 5இ போதும். கேட் 6 வாங்கினால் இன்னும் நல்லது, அதற்கு மேல் நம் வீட்டுக்குத் தேவையில்லை. பார்க்க வேண்டியது வேறு. உள்ளே இருப்பது முழுச் செம்பா, அல்லது செம்பு பூசிய அலுமினியமா? மலிவு விலை வயர்களில் இரண்டாவதுதான் அடிக்கடி இருக்கும். உறையிலோ விவரத்திலோ சிசிஏ என்று போட்டிருந்தால் அது அலுமினியம். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கதவுக்கு அடியில் போகட்டும் என்று தட்டையான வயர் வாங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. அதில் கம்பிகள் மெலிது, நீள ஓட்டத்துக்கு ஆகாது. அறையைச் சுற்றி ஓரமாக, கொஞ்சம் தொய்வோடு, கூர்மையாக மடிக்காமல் ஓட்டு. வாடகை வீடு என்றால் சுவரில் துளை போடும் முன் லேண்ட்லார்டிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு.

வயர்தான் குற்றவாளியா என்று தெரிந்துகொள்ள, நன்றாக வேலை செய்யும் என்று உனக்குத் தெரிந்த ஒரு குட்டி வயரை எடு. டி.வி.க்கோ விளையாட்டுப் பெட்டிக்கோ போட்டிருப்பாயே, அதுவே போதும். கம்ப்யூட்டரை ரூட்டர் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் நேராகச் சொருகு. தூக்குவது சிரமம்தான், ஆனாலும் செய். அங்கே நெட் வந்தால் கம்ப்யூட்டரும் நல்லது, ரூட்டரும் நல்லது, நடுவில் ஓடும் வயர்தான் கெட்டது. அங்கேயும் வரவில்லை என்றால் ரூட்டரின் வேறு போர்ட்டில் சொருகிப் பார். அங்கும் இல்லையென்றால் அதே குட்டி வயரை ஒரு லேப்டாப்பில் போட்டுப் பார். மூன்று மாற்றத்தில் விடை கிடைத்துவிடும்.

இன்னொன்று, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு. ஒரே வயரின் இரண்டு முனைகளும் ஒரே ரூட்டரிலோ சுவிட்ச் பெட்டியிலோ சொருகியிருக்கிறதா பார். தரையில் கிடக்கும் முனையைக் காலியாக இருக்கும் ஓட்டையில் பிள்ளை ஒன்று சொருகிவிட்டால் போதும், ஒரே செய்தி அந்த வளையத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகி வீட்டு நெட் மொத்தத்தையும் அடைத்துவிடும். விளக்குகளெல்லாம் வெறிபிடித்தமாதிரி ஒன்றாக மினுக்கும். பெரிய அலுவலக சுவிட்சுகளுக்கு இதைத் தடுக்கத் தெரியும், வீட்டுக்கு வாங்கும் சாதாரணப் பெட்டிகள் பலவற்றுக்குத் தெரியாது. அந்த முனையைக் கழற்றினால் பிரச்சினை தீர்ந்தது.

வயர் ஓட்ட முடியாத வீடுகளில் பவர்லைன் அடாப்டர் போட்டிருப்பார்கள். சுவர் மின்சார சாக்கெட்டில் சொருகி, வீட்டு மின்கம்பி வழியாகவே நெட்டை அனுப்பும் ஜோடிப் பெட்டிகள். நீயும் அதைத்தான் வைத்திருக்கிறாய் என்றால், இரண்டு பெட்டியையும் நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகு. எக்ஸ்டென்ஷன் போர்டில், அதுவும் சர்ஜ் புரொடெக்‌ஷன் உள்ள போர்டில் சொருகினால் சமிக்ஞை பாதியில் செத்துவிடும். போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு அடாப்டர் இவற்றைப் பக்கத்துச் சாக்கெட்டில் வைக்காதே. லாஃப்ட்டைப் பின்னால் கட்டியிருந்தால் அதன் மின்சுற்று தனியாக இருக்கலாம், அப்படி இருந்தால் இந்தப் பெட்டிகள் திணறும். என்னைக் கேட்டால் இவை தற்காலிக ஏற்பாடு. தினமும் வேலை பார்க்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல வயர் ஓட்டிவிடுவதே நிம்மதி.

விளக்கு எரிகிறது, வயரும் நல்லது, ஆனால் நெட் இல்லை. இப்போது ரூட்டர் பக்கம் போ. ரூட்டரைத் தனியாக அணைத்துப் போடுவதைவிட வரிசையாகச் செய். ஃபைபர் வீட்டில் சுவரில் ஓ.என்.டி. என்ற ஒரு சின்னப் பெட்டி இருக்கும், கண்ணாடி இழை அதில் வந்து முடியும். ரூட்டர், ஓ.என்.டி. இரண்டின் பிளக்கையும் எடு. அரை நிமிடம் பொறு. முதலில் ஓ.என்.டி.யைப் போடு, அதன் விளக்குகள் நிலைக்கட்டும், அப்புறம் ரூட்டரைப் போடு. ஓ.என்.டி.யில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம், உன் கம்ப்யூட்டரில் நீ தேடுவதற்கு எதுவுமில்லை, நேராக நிறுவனத்துக்குப் போன் போடு. பச்சை முனை வைத்த அந்த இழையை மட்டும் கழற்றாதே, கழன்று கிடந்தால் அதன் வாயைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவும் கூடாது. ரூட்டரின் பின்னால் குண்டூசி முனையால் அழுத்தும் ரீசெட் ஓட்டை இருக்கிறதே, அதுவும் வேண்டாம். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அது உன் பாஸ்வேர்ட் முதற்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிடும்.

பழைய செம்பு போன் லைன் வழியாக வரும் பிராட்பேண்ட் என்றால், மாஸ்டர் சாக்கெட்டின் கீழ்ப் பாதி மூடியைக் கழற்று. உள்ளே டெஸ்ட் சாக்கெட் ஒன்று ஒளிந்திருக்கும். அதில் நேராக ரூட்டரை மாட்டி நெட் வந்தால், வீட்டுக்குள் ஓடும் போன் வயரிங் கெட்டிருக்கிறது. அங்கும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வெளி லைனில்.

இப்போது விண்டோஸ். முதல் வேலை ரீஸ்டார்ட். ஷட் டவுன் போட்டுத் திரும்ப ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்து மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். சிப்பை இயக்கும் நிரலான டிரைவரில் இருந்த சிக்கலும் அதோடு திரும்ப வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். அதிலும் போர்ட் விளக்கு வரவில்லை என்றால் கம்ப்யூட்டரை அணைத்து, மின்சார பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்து, பிறகு போடு. நெட்வொர்க் சிப்புக்கு கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அது முழுதாக வடிந்தால் சிக்கிக்கொண்டிருந்த சிப் சில சமயம் விடுபடும்.

அடுத்து உன் ஐ.பி. எண்ணைப் பார். முன்பு லிங்க் ஸ்பீட் பார்த்த அதே பக்கத்தில் ஐபிவி4 அட்ரஸ் என்று இருக்கும். வீட்டில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடம் எண் கேட்டுக் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். அப்போது ஐபி அசைன்மென்ட் என்ற இடத்தில் ஆட்டோமேடிக் என்று இருக்கிறதா பார். எப்போதோ யாரோ கையால் எண் போட்டு வைத்திருந்தால் அதை ஆட்டோமேடிக்குக்கு மாற்று. அது சரியாக இருந்தும் 169.254 போகவில்லை என்றால் ரூட்டரையோ வயரையோ மறுபடி பார்க்க வேண்டும்.

ஈதர்நெட் என்ற வரியே செட்டிங்ஸில் காணோமா? டிவைஸ் மேனேஜரைத் திற. நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் ரியல்டெக் அல்லது இன்டெல் என்று உன் சிப்பின் பெயர் இருக்கும். அதன்மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் டிஸேபிள் ஆகியிருக்கிறது, எனேபிள் கொடு. அப்படி டிஸேபிள் ஆகியிருந்தால் சில கம்ப்யூட்டர்களில் போர்ட் விளக்கும் அணைந்தே இருக்கும், அது ஆரம்பத்தில் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு. மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் கெட்டிருக்கிறது. டிரைவரை மதர்போர்டு அல்லது கம்ப்யூட்டர் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடு. நெட் இல்லாமல் டிரைவரை எப்படி எடுப்பது? ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனில் யு.எஸ்.பி. டெத்தரிங்கை ஆன் செய். போன் டேட்டாவே கம்ப்யூட்டருக்கு நெட்டாகிவிடும். டிரைவர் போட்டும் அடாப்டர் தென்படவில்லை என்றால் போர்ட் போயிருக்கலாம். அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. யு.எஸ்.பி.யில் சொருகும் ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும்.

நெட் முழுதாகப் போவதைவிட விட்டு விட்டு வருவதுதான் கொடுமை. மீட்டிங்கில் நீ பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி உறைந்து திரும்ப வரும். இன்ஜினியர் வரும்போது நன்றாக ஓடும். இதற்கு ஒரு வழி சொல்கிறேன், இதை மட்டுமாவது மறக்காதே.

கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னல்களாகத் திற. ஒன்றில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு உன் ரூட்டரின் எண், மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் போடு. ரூட்டரின் எண் அதன் முதுகில் ஒட்டிய தாளில் இருக்கும். பிடி ரூட்டர்களில் வழக்கமாக 192.168.1.254, விர்ஜின் மீடியா, ஸ்கை ரூட்டர்களில் 192.168.0.1. இரண்டாவது ஜன்னலில் இதையே ரூட்டர் எண்ணுக்குப் பதில் 8.8.8.8 என்று போடு. அது கூகுளின் முகவரி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், நீ வேலையைப் பார். நெட் விடும்போது நிமிர்ந்து பார். இரண்டு ஜன்னலுமே நின்றால் கோளாறு வீட்டுக்குள்: வயர், போர்ட், சிப், ரூட்டர். ரூட்டர் ஜன்னல் ஓடிக்கொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு வெளியே போகும் லைனில். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள். இரண்டும் ஓடுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சிக்கல். அதற்கு ஈதர்நெட் பக்கத்திலேயே டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பார். பிள்ளைகளுக்காகக் கம்பெனி வழியாகத் தடுப்பு வைத்திருந்தால் இந்த மாற்றம் அதைத் தாண்டிவிடக்கூடும், சோதித்தபின் பழையபடி வைத்துவிடு.

பிங் அனுப்பும் சின்னத் தகவல் துண்டுகளுக்குப் பாக்கெட் என்று பெயர். அந்தப் பாக்கெட்டுகள் பிறந்ததில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. தென்மேற்கு லண்டனின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் 1965-ல் செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் யோசனையை முன்வைத்தார், பாக்கெட் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ப்ளூம்ஸ்பரியில் உள்ள யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனிலிருந்து பீட்டர் கிர்ஸ்டைனின் குழு 1973-ல் அமெரிக்காவின் ஆர்பாநெட்டோடு பிரிட்டனை இணைத்தது. நீ அடிக்கும் பிங் நிரலை மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதினார். இத்தனை வருடம் கழித்தும் ஒரு லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதைவிட எளிய கருவி வரவில்லை.

பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நோட்டில் நேரத்தை எழுது. எப்போது விட்டது, வீட்டில் அப்போது என்ன நடந்தது. ஹூவர் போட்டபோதா? கதவு சாத்தியபோதா? மழை பெய்தபோதா? செம்பு லைன்களில் தெரு இணைப்புக்குள் தண்ணீர் இறங்கினால் மழை நாளில்தான் தொல்லை தரும். கம்ப்யூட்டரைத் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டபின் நெட் போகிறது என்றால் அது மின்சேமிப்பு வேலை. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பிராப்பர்டீஸைத் திற. பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடு. அட்வான்ஸ்டு பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் இரண்டையும் டிஸேபிள் செய். இன்டெல் ஐ225-வி சிப்பின் தொடக்கப் பதிப்புகளில் 2.5 கிகாபிட் வேகத்தில் சில ரூட்டர், சுவிட்சுகளோடு பாக்கெட் தொலையும் குறை இருந்தது. இன்டெலே அதை ஒப்புக்கொண்டது. அந்தச் சிப் உள்ள மதர்போர்டு என்றால் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸில் 1 கிகாபிட் என்று நிறுத்திப் பார். மற்றவர்கள் அங்கே ஆட்டோ என்பதை மாற்ற வேண்டாம்.

கழற்றிப் போட்ட வி.பி.என்., பழைய ஆன்டிவைரஸ் இவற்றின் மிச்சங்களும் வழியை மறிக்கும். கம்ப்யூட்டரின் தேதி தவறாக இருந்தால் தளங்கள் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் இப்படி ஆகும், அது காசு பெறாத ரிப்பேர். எதிலும் தீரவில்லை என்றால் கடைசியாக அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட். வைஃபை பாஸ்வேர்டுகளும் வி.பி.என். அமைப்புகளும் அதில் போய்விடும் என்பதால்தான் அதைக் கடைசியில் வைக்கிறேன். அலுவலகம் கொடுத்த கம்ப்யூட்டராக இருந்தால் விண்டோஸுக்குள் எதையும் தொடாதே. வயரையும் ரூட்டரையும் பார்த்துவிட்டு அவர்களுடைய ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிடு.

கோளாறு வெளியே என்று உறுதியானால் நீ பணம் கட்டும் நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். தெரு லைன்களைப் பராமரிக்கும் ஓபன்ரீச்சுடைய லைனாக இருந்தாலும் வீட்டுக்காரர்கள் நேராக அவர்களிடம் புகார் செய்ய முடியாது. பேசும்போது அதட்டலும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "கம்ப்யூட்டரை ரூட்டரில் நேராக வயரில் மாட்டிப் பார்த்துவிட்டேன், வேறு வயரும் போட்டுப் பார்த்தேன், ரூட்டருக்கு பிங் போகிறது, வெளியே போகவில்லை" என்று சொல். அரை மணி நேரக் கேள்விகள் அதிலேயே மிச்சமாகும். இன்ஜினியர் வந்து கோளாறு உன் வீட்டுக் கருவியில்தான் என்று கண்டுபிடித்தால் கட்டணம் விழலாம், அதனால்தான் முன்கூட்டியே இத்தனையும் பார்க்கச் சொல்கிறேன். புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்.

2019 ஏப்ரல் 1 முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் தானியங்கி இழப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிடி, ஸ்கை, டாக்டாக், விர்ஜின் மீடியா, ஜென் போன்றவை இதில் சேர்ந்தவை. நெட் முழுதாக நின்று, புகார் கொடுத்தபின் இரண்டு முழு வேலை நாட்களுக்குள் சரியாகாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் பணம் தர வேண்டும். தொடங்கியபோது நாளுக்கு 8 பவுண்டு, இன்ஜினியர் சொன்ன நாளில் வராவிட்டால் 25 பவுண்டு. விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் கூட்டப்படுகிறது. நெட் வருகிறது, ஆனால் வேகம் இல்லை என்றால் வேறு வழி இருக்கிறது. ஆஃப்காமின் வேக விதிமுறையில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் உனக்கு ஒரு குறைந்தபட்ச வேகத்தை எழுத்தில் தந்திருக்கும். அதற்குக் கீழே போய் 30 நாளில் சரிசெய்ய முடியாவிட்டால் அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறலாம். இந்த வாதத்துக்கு வைஃபையில் எடுத்த அளவு நிற்காது. வயரில் எடுத்த அளவுதான் சாட்சி.

நீ கூப்பிடாமலே "உங்கள் பிராட்பேண்டில் கோளாறு" என்று யாராவது போன் செய்து, கம்ப்யூட்டரில் எனிடெஸ்க்கோ டீம்வியூவரோ போடச் சொன்னால் போனை வைத்துவிடு. தமிழில் பேசினாலும் வைத்துவிடு. ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டாய் என்றால் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, வேறு போனிலிருந்து 159-ஐ அழை, அது உன் பேங்குக்கு நேராக இணைக்கும்.

கடைசியாக, உனக்காக இல்லாமல் நம் பெரியவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். இந்த நாட்டின் பழைய டெலிபோன் வலைப்பின்னலை 2027 ஜனவரி 31-க்குள் மூடிவிடத் திட்டம். வீட்டு போன் இப்போது ரூட்டர் வழியாகப் போகிறது. ரூட்டர் நின்றால் போனும் நிற்கும், கழுத்தில் அவசர அலாரம் மாட்டியிருக்கும் பெரியவரின் அலாரமும் நிற்கக்கூடும். கைப்பேசி இல்லாமல் வீட்டு போனை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் 999-ஐ அழைக்க நிறுவனம் வழி செய்து தர வேண்டும் என்பது ஆஃப்காமின் விதி. தானாகத் தராவிட்டால் கேட்டு வாங்கு. உன் தெருவில் தனியாக இருக்கும் தாத்தா, ஆச்சி யாராக இருந்தாலும் இந்த வாரம் ஒரு நடை போய், ரூட்டர் பிளக் யாரும் தவறி அணைக்க முடியாத சாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிறுவனத்துக்குப் போன் போட்டு அந்த அலாரம் இருப்பதைப் பதிவுசெய்துவிட்டு வா.